லிப்ட்காரரின் ஜோடி வார்த்தைகள்

லிப்ட்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தெரியும். வண்டி வண்டியாகத் தெரியும். மோட்டார், பிரேக், கேபிள் என்று லிப்ட் பழுது பார்க்கிற தொழிலுக்கான வார்த்தைகள் மட்டுமல்ல, மழை, முடிவு, தப்பு, சந்தோஷம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையைக் கைவசம் வைத்திருந்தார். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கப் போகும்போதுதான் வம்பு. மழை கொட்டினால் 'பிக் ரெயின்' என்பார். விளக்கைப் போடச் சொல்ல 'ஓப்பன் லைட்' என்பார். தப்புச் செய்துவிட்டால் 'ஐ டூ மிஸ்டேக், சாரி' என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொள்வார். கேட்பவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். புரிந்த கையோடு உதட்டோரம் ஒரு சிரிப்பும் வந்துவிடும். அந்தச் சிரிப்புதான் அவருக்கு ஆகாது.

அவருக்கு ஒரே மகள். வேறு ஊரில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய், அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தங்கமான பையன். ஆனால் அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் தமிழ் மருந்துக்குக் கூடத் தெரியாது. எல்லாம் இங்கிலீஷ்தான். முதன்முதலாகப் போனில் முகம் பார்த்துப் பேசியபோது, பையனின் அம்மா, "உங்க பொண்ணப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்" என்று இங்கிலீஷில் ஆசையாகக் கேட்டார். அந்தம்மா நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். விசில் இல்லாமலே குளத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல் அவருக்கு.

கேட்க வேண்டுமா? லிப்ட்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மகள் இங்கிலீஷில் மாற்றிச் சொல்வாள் என்ற தைரியத்தில், மடை திறந்த மாதிரி தமிழில் ஆரம்பித்துவிட்டார். மகள் சின்னப் பெண்ணாக இருந்த சமயம். ஒருநாள் மழை கொட்டு கொட்டென்று கொட்டியதில் கரண்ட் போய், அவர்கள் குடியிருந்த கட்டடத்து லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நெருக்கியடித்துப் பெரியவர்கள், இவள் மட்டும் சிறிசு. ஒரு அம்மா பயத்தில் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். இந்தப் பொடிசு என்ன செய்தது தெரியுமா? எல்லோரையும் மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொல்லியிருக்கிறது. இருட்டில் கையைக் கோத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. "எங்கப்பா வந்துடுவாரு, ப்ராமிஸ்" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குக் கதை வேறு சொல்லியிருக்கிறது. லிப்ட்காரர் தலைதெறிக்க ஓடிவந்து கதவை நெம்பித் திறந்தபோது, மகள் அண்ணாந்து பார்த்து, "கொஞ்சம் இருங்கப்பா, கதை இன்னும் முடியல" என்றாள்.

இதைச் சொல்லி முடிக்கும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மகளுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் வருங்கால மாமியாரிடம் இங்கிலீஷில் சொன்னது இவ்வளவுதான்: சின்ன வயசில் ஒருமுறை லிப்டில் மாட்டிக்கொண்டேனாம். அந்தம்மா "ஓ!" என்றார். பேச்சு கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

லிப்ட்காரர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, சாயங்காலம் இரண்டு வீட்டாருக்கும் ஒரு விருந்து என்று முடிவானது. விருந்தில் பெண்ணின் அப்பாவும் பையனின் அம்மாவும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேச வேண்டும். மகள் போனில் பக்குவமாகத்தான் சொன்னாள்.

"நீங்க தமிழ்லயே பேசுங்கப்பா. நான் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லிடறேன்."

"நீ சொல்லி நான் பாத்தாச்சு தாயே. நானே சொல்லிக்கறேன்."

"அவங்க சொந்தக்காரங்க நிறைய பேரு வருவாங்கப்பா…"

அந்த உதட்டோரச் சிரிப்பை நினைத்துத்தான் அவள் நிறுத்தினாள் என்பது அவருக்குப் புரிந்தது. தன் பெண் எப்பேர்ப்பட்டவள் என்று தன் வாயால் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு ஒருத்தரும் அப்படிச் சிரிக்கக் கூடாது. அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். ஆனால் எப்படி?

வழி லிப்ட் குழிக்குள்ளேயே கிடைத்தது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் பழைய கேபிளை மாற்றுகிற வேலை. லிப்டின் கூரை மேல் இவர் நிற்பார். மேலே மோட்டார் அறையில் இவருடைய கூட்டாளி இருப்பான். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூரை மேல் நிற்பவர் "கீழே போகுது" என்று குரல் கொடுத்தால், மேலே இருப்பவன் "கீழே போகுது" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பொத்தானில் விரல் படலாம். பதில் வராவிட்டால் எதுவும் அசையக் கூடாது, உயிர் சமாச்சாரம். கூட்டாளிக்கு இது எவ்வளவு தூரம் ஊறிப்போயிருந்தது என்றால், டீக்கடையில் "சாப்ட்டியா?" என்று கேட்டால் கூட "சாப்ட்டியா" என்று சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வான். அதனால் அவனுக்கு 'ரிப்பீட்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

லிப்ட்காரருக்கு வேறு மாதிரி ஊறியிருந்தது. குரல் கொடுத்துவிட்டுப் பதிலுக்காக நிற்பது அவர் ரத்தத்திலேயே கலந்துவிட்டது. அதை அவர் கவனித்ததில்லை.

நாலாவது மாடியில் ஒரு இங்கிலீஷ் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திறந்து கிடந்த லிப்ட் கதவு வழியாக டீச்சர் குரல் தெளிவாகக் கேட்டது. டீச்சர் ஒரு வார்த்தை சொல்ல, பிள்ளைகள் அதனோடு சேர வேண்டிய வார்த்தையைக் கோரஸாகச் சொன்னார்கள். 'ஹெவி' என்றால் 'ரெயின்'. 'ஸ்ட்ராங்' என்றால் 'காபி'. லிப்ட்காரர் கையில் ஸ்பானரோடு சிலையாக நின்றுவிட்டார். மேலேயிருந்து ரிப்பீட்டு, "அண்ணே, உயிரோட இருக்கீங்களா?" என்று கத்துகிற வரை அவர் அசையவில்லை. இத்தனை வருஷமாக வார்த்தையை ஒற்றை ஒற்றையாகச் சேர்த்து வைத்திருந்தோமே, எது எதோடு போகும் என்று பார்க்காமல் விட்டோமே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

வகுப்பு விட்டதும் கை கால் எல்லாம் கிரீஸோடு வாசலில் போய் நின்றார். டீச்சருக்கு அவரை விடப் பாதி வயசுதான் இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஓரம் நைந்துபோன ஒரு கட்டு அட்டைகளை எடுத்துக் கொடுத்தார்.

"புது செட்டு வந்துடுச்சு சார், இத நீங்களே வச்சுக்குங்க. முன்பக்கம் பாதி, பின்பக்கம் மீதி. ஜோடியாவே படிங்க. பிரிச்சுப் படிச்சா ஒட்டாது."

அன்றைக்கே வீட்டில் பாடம் ஆரம்பமாகிவிட்டது. அவர் மனைவி ஒரு பெரிய கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். கூடத்து ஜன்னலோரம் தையல் மிஷின், அதைச் சுற்றி மலை மலையாகத் துணி. அந்த மலைக்கு எதிரே லிப்ட்காரர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அட்டையைத் தூக்கிப் பிடித்து முன்பக்கத்தைப் படித்தார். பின்பக்கம் மனைவிக்குத் தெரிந்தது. அவர் மிஷினை மிதித்தபடியே அதைப் படித்தார்.

"மேக் எ!"

"டிசிஷன்!"

"பே!"

"அட்டென்ஷன்!"

"அதென்ன இங்கிலீஷ்காரன் முடிவத் தயாரிக்கறான், கவனத்த பணம் மாதிரி கட்டறான்? கொஞ்சமாவது அர்த்தம் இருக்கா?" என்று லிப்ட்காரர் சிடுசிடுத்தார்.

"நம்ம மட்டும் என்னவாம்?" என்றார் மனைவி, வாயில் குண்டூசியோடு. "சண்ட போடறோம், கணக்கு போடறோம், டீ போடறோம். குட்டித் தூக்கமும் போடறோம். நேத்து நீங்க ஒரு பெரிய கும்புடு போட்டீங்க. எதத் தூக்கி எங்க போட்டீங்கன்னு நான் கேட்டேனா?"

லிப்ட்காரர் சிரித்த சிரிப்பில் அட்டைகள் கீழே சிதறின. அதற்குப் பிறகு அவர் அர்த்தம் கேட்கவில்லை. மழை கொட்டும், வெயில் அடிக்கும், குழந்தை அடம் பிடிக்கும். அது அது அப்படித்தான். யார் யாரோடு குடும்பம் நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும், ஏன் என்று கேட்பது நமக்கு எதற்கு?

சில வாரங்களில் அட்டையே தேவைப்படவில்லை. அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே "கேட்ச் எ!" என்பார், கூடத்திலிருந்து "கோல்ட்!" என்று வரும். குளியலறையிலிருந்து "டேக் எ!" என்று கத்துவார், "ஷவர்! சீக்கிரம் முடிங்க!" என்று வரும். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த ஒரு நாளில் கூட, அவர் வேண்டுமென்றே தூணைப் பார்த்து "லூஸ் யுவர்" என்று முனக, மனைவி தன்னையறியாமல் "டெம்பர்" என்று சொல்லிவிட்டு, சண்டையைத் தொடர முடியாமல் சிரித்துவிட்டார். கல்யாணமான புதிதில் கூட அந்த வீட்டில் இத்தனை சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை என்று எதிர்வீட்டார் பேசிக்கொண்டார்கள்.

வேலையிடத்திலும் ஒருநாள் முயன்று பார்த்தார். "ஹெவி!" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஹெவி!" என்று பதில் வந்தது. ரிப்பீட்டை நம்பிப் பயனில்லை என்று அத்தோடு விட்டுவிட்டார். ஆனால் பழுது பார்த்த விவரத்தை ஆபீசுக்கு எழுதும்போது, பழைய 'பிக் சவுண்ட்' போய் 'லவுட் நாய்ஸ்' வந்தது. கேபிளை 'குட்லி' பார்த்தேன் என்று எழுதிக்கொண்டிருந்தவர், 'கேர்ஃபுல்லி' என்று எழுதினார். அவர் எழுதியதை மேலாளர் திருத்தாமல் அனுப்பினார். அன்றைக்கு லிப்ட்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்.

பேச்சு தயாரானது. வேறென்ன, அதே லிப்ட் கதைதான். அலமாரிக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். பின்னால் மிஷின் சத்தத்துக்கு நடுவே மனைவி. பேச்சு தண்ணி பட்ட பாடாக ஓடியது. மகள் போன் செய்து, "என்னப்பா, நான் பக்கத்துல நிக்கட்டுமா?" என்று மறுபடியும் கேட்டபோது, "நீ உன் சீட்ல உக்காந்து நல்லா சாப்பிடு" என்றார் மிதப்பாக.

விருந்து ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் நடந்தது. லிப்டில் ஏறும்போதே கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு, "பிரேக்க நல்லாதான் வச்சிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்தார். உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட வட்ட மேஜைகள். எந்தெந்த மேஜையில் யார் யார் என்று ஹோட்டல்காரர்கள் பெயர்ச் சீட்டு வைத்திருந்தார்கள். உறவுகள் கலந்து உட்காரட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனசோடு செய்த ஏற்பாடு. அதனால் லிப்ட்காரரின் மனைவி மாப்பிள்ளையின் அத்தைமாரோடு கோடியில் ஒரு மேஜைக்குப் போய்விட்டார். முன்வரிசை மேஜையில் மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா.

சூப் வந்த கையோடு லிப்ட்காரரை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தார். குட் ஈவினிங் சொன்னார், நல்ல கைதட்டல். மகள் சின்னவளாக இருந்தபோது என்று இங்கிலீஷில் அழகாக எடுத்தார்.

"ஒன் டே, தேர் வாஸ் ஹெவி…"

நின்றார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் எல்லோரையும் பார்த்தார். தலைக்குள் அந்த அட்டை பளிச்சென்று தெரிந்தது. ஓரம் நைந்த அட்டை, நடுவில் பெரிய எழுத்தில் 'ஹெவி'. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? பின்பக்கத்தை அவர் பார்த்ததே இல்லையே! அத்தனை வாரமும் முன்பாதி இவர் வாயிலும் பின்பாதி மனைவி வாயிலுமாகத்தான் பாடம் நடந்திருக்கிறது. பாத்திரம் கழுவும்போதும், குளிக்கும்போதும், கண்ணாடி முன் நிற்கும்போதும் இவர் குரல் கொடுத்துவிட்டு நின்றார், பதில் வந்தது, மேலே போனார். லிப்ட் குழிக்குள் வாழ்நாளெல்லாம் செய்த மாதிரியே. 'ரெயின்' அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வார்த்தை. அந்த நேரத்தில் அது கூட வரவில்லை. பதில் வராமல் அசையக் கூடாது என்று நாக்கு அடம் பிடித்தது.

யாரோ இருமினார்கள். ஒரு ஸ்பூன் தட்டில் இடித்தது. சில மேஜைகளில் உதடுகள் கோணத் தொடங்கின. மகள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் வந்து பக்கத்தில் நின்றால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். 'ஒருமுறை லிப்டில் மாட்டிக்கொண்டேன்' என்று முடிந்துவிடும். ஐயோ, இதற்கா இத்தனை பாடுபட்டோம் என்று நொந்துகொண்டார்.

"ரெயின்!"

கோடி மேஜையிலிருந்து வந்தது குரல். தையல் மிஷின் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி கையில் சூப் ஸ்பூனோடு எழுந்து நின்றிருந்தார். வெட்கப்படுவதற்கெல்லாம் அவருக்கு நேரமில்லை.

லிப்ட்காரருக்கு உயிர் வந்தது. "ஹெவி ரெயின்!" என்றார். "லிப்ட் ஸ்டாப். ஆல் டார்க். ஒன் லேடி பர்ஸ்ட் இன்டு…"

"டியர்ஸ்!"

"மை டாட்டர், வெரி ஸ்மால், ஷி சே, டேக் எ டீப்…"

மனைவி வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து "ப்ரெத்!" என்று ஒரு முழக்கம் கேட்டது. சம்பந்தியம்மா! நீச்சல் குளத்துக் குரலில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. அவருக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. அவ்வளவுதான், கூட்டம் களைகட்டிவிட்டது. "எவ்ரிபடி ஹோல்ட்…" என்று இவர் எடுத்தால், "ஹேண்ட்ஸ்!" என்று அத்தைமார்கள். "ஷி மேட் எ…" என்றால், "ப்ராமிஸ்!" என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் மேஜையைத் தட்டினார்கள். "ஷி டோல்ட் எ…" என்றபோது சூப் கிண்ணம் எடுத்துக்கொண்டிருந்த பணியாளர் கூட "ஸ்டோரி!" என்றுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

லிப்ட்காரர் கதவைத் திறக்கிற இடத்துக்கு வந்தார். இதற்கு அட்டை கிடையாது. மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் காற்றில் கதவை நெம்பினார். பிறகு குனிந்து, சின்னப் பெண் குரலில் சொன்னார்: "வெயிட், அப்பா. ஸ்டோரி நாட் ஃபினிஷ்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. எத்தனையோ வருஷமாக அவர் பயந்த சிரிப்பு இல்லை அது. ஒரு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பந்தியம்மா திரும்பி மருமகளை ஒரு பார்வை பார்த்தார். இதையா நீ அன்றைக்கு என்னிடம் சொல்லாமல் மறைத்தாய் என்பது மாதிரியான பார்வை. மகள் எழுந்த இடத்திலேயே, நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"லாஸ்ட் ஒன்," என்றார் லிப்ட்காரர். மகள் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "நவ் யூ கோ ஃபார். ப்ளீஸ், கீப்…"

"ஸ்மைலிங்!" என்றது ஒரு மேஜை.

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"காம்!" "யுவர் ப்ராமிஸ்!" "கீப் ஃபிட்!" என்று நாலா பக்கமிருந்தும் பறந்து வந்தன. கடைசியாகச் சொன்னது யார் என்று சொல்லவே வேண்டாம், நீச்சல்காரம்மாதான். லிப்ட்காரர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டினார். கோடி மேஜையில் அவர் மனைவிக்குப் பதில் தெரியும். ஆனால் அவர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு, மைக்கைப் பிடித்தபடி நின்றார். சத்தம் மெல்ல அடங்கியது.

"இன் டச்," என்றாள் மகள்.

மைக் இல்லாமல், பக்கத்து மேஜைக்குக் கூடச் சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு உதடு பிதுங்கியது.

லிப்ட்காரர் அதற்கு மேல் இங்கிலீஷ் பேசவில்லை. "உன் வாயால சொல்லிட்ட," என்றார் தமிழில். "வாரம் தவறாம போன் பண்ணணும். 'வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்'னு வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே, மேஜைகளுக்கு நடுவே புகுந்து அவள் அவரிடம் ஓடினாள்.